பின்வரிசை எம்.பி. மூலம் அமைச்சரிடம் பதில் வாங்குவது எப்படி: பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

பிரித்தானியப் பொதுச்சபையில் 650 உறுப்பினர்கள். அமைச்சர்களும் எதிர்க்கட்சிகளின் பேச்சாளர்களும் முன்வரிசையில் இருப்பார்கள், மற்ற எல்லாரும் பின்வரிசை. பின்வரிசை எம்.பி. ஒருவரால் விசாவுக்கு ஒப்பமிட முடியாது, மூடிய வைத்தியசாலையைத் திறக்க முடியாது, ஒரு நாட்டின் தூதுவரைக் கூப்பிட்டுக் கண்டிக்க முடியாது. "பிறகு அவரிடம் போய் என்ன பயன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் இங்கு வாழும் எங்கள் தமிழ் ஆட்களில் நிறையப் பேர்.

அவர் கையில் இருப்பது ஒரே ஒரு உரிமை: அமைச்சரைப் பதிவில் பதில் சொல்ல வைப்பது. சபையில் சொன்ன பதில், பாராளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் ஏறிவிடும். ஏறியதை யாரும் மறுக்க முடியாது. அடுத்த கேள்வி, அடுத்த கடிதம், அடுத்த விவாதம் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். எனவே உங்கள் எம்.பி.யிடம் "எங்களுக்காகப் பேசுங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்தக் கேள்விக்கு இந்த அமைச்சரிடம் பதில் வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். பேச்சு அன்றோடு போய்விடும், பதில் நிற்கும்.

முதலில்: யாருடைய விடயம்?

எம்.பி.மார் தங்கள் தொகுதி மக்களின் விடயத்தை மட்டுமே எடுப்பார்கள் என்பது வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் பாராளுமன்றத்தில், உறுதியாகக் கடைப்பிடிக்கப்படும் மரபு. பக்கத்துத் தொகுதி எம்.பி. தமிழருக்கு ஆதரவானவர் என்று அவருக்கு எழுதினால், கடிதம் உங்கள் எம்.பி.க்கே திருப்பி அனுப்பப்படும். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே முழு முகவரியும் தபாற்குறியீடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகம் முதலில் அதைத்தான் கேட்டு எழுதும், ஒரு கிழமை வீணாகும்.

அடுத்து, விடயம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு உரியதுதானா என்று பாருங்கள். குப்பை, வாகனத் தரிப்பிடம், கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் எல்லாம் உள்ளூர்க் கவுன்சிலுடையவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சுகாதாரமும் பாடசாலைகளும் அங்குள்ள சபைகளின் பொறுப்பு. அமைச்சரின் பொறுப்புக்கு வெளியே உள்ள கேள்வியை, கேள்விகளைச் சரிபார்க்கும் டேபிள் ஒபிஸ் உள்ளே விடாது. குடிவரவு, ஓய்வூதியம், வரி, பாதுகாப்பு, வெளிவிவகாரம் ஆகியவை வெஸ்ட்மின்ஸ்டருடையவை.

கோப்பு

எம்.பி. தொகுதி மக்களை நேரில் சந்திக்கும் 'சர்ஜரி'க்குப் போனால் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம். கதையை முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் இராது. ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன நடந்தது, எந்தத் திகதியில், எந்த அமைச்சுக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது எம்.பி.யிடம் கேட்பது என்ன. ஆதாரங்களைப் பின்னிணைப்பாக வையுங்கள். அந்தப் பக்கத்தை வாசித்துக் கேள்வியை வரையப்போகிறவர் பெரும்பாலும் எம்.பி. அல்ல, அவருடைய உதவியாளர். அவர் ஒரே நாளில் பல கோப்புகளைப் பார்க்கிறார். கேள்வியையே நீங்கள் வரைந்து கொடுத்தால் அவர் மறுக்கப்போவதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிய விடயமென்றால், அவருடைய அல்லது குடும்பத்தாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பெயர் சொல்லலாமா, ஊர் சொல்லலாமா, படம் காட்டலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஹன்சாட்டில் ஒருமுறை ஏறிய பெயரை இறக்க முடியாது. இங்கே பேசப்படுவதை அங்கே இருக்கும் காவல்துறையும் வாசிக்கும்.

கடிதமும் எழுத்துமூலக் கேள்வியும்

எம்.பி. அமைச்சருக்கு எழுதும் கடிதம்தான் முதல் படி. தனிப்பட்ட வழக்குகளுக்கு, குறிப்பாக விசா, புகலிடம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு, பல வேளை அதுவே போதும். நீங்கள் எழுதினால் பொது மின்னஞ்சல் பெட்டிக்குப் போகும். எம்.பி. எழுதினால் அமைச்சரின் பெயரில் பதில் வர வேண்டும்.

அதற்கடுத்தது எழுத்துமூலக் கேள்வி. என் பார்வையில் பின்வரிசை எம்.பி.யின் மிகச் சிறந்த கருவி இதுதான், மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் இதுதான். தொலைக்காட்சியில் வராது, கைதட்டல் இல்லை. ஆனால் நேரம் கிடைக்குமா என்று காத்திருக்கத் தேவையில்லை, குலுக்கல் இல்லை, எவருடைய அனுமதியும் வேண்டாம். இரண்டு வகை உண்டு. சாதாரணக் கேள்விக்கு ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் பதில் தருவது மரபு. நாள் குறித்த கேள்வி என்றால் எம்.பி.யே பதிலுக்கு நாள் குறிப்பார். குறைந்தது மூன்று அமர்வு நாள் அவகாசம் தர வேண்டும், ஒரு நாளில் ஐந்துக்கு மேல் போட முடியாது.

கேள்வியின் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படி ஒன்று போட்டுப் பாருங்கள்:

"இலங்கையில் மனித உரிமை நிலைமையை மேம்படுத்த அரசு என்ன நடவடிக்கை எடுக்கிறது?"

பதிலை இப்போதே எழுதிவிடலாம்: இலங்கை அரசுடன் இவ்விடயங்களைத் தொடர்ந்து எழுப்பி வருகிறோம். இந்தப் பதிலில் பிடிக்க ஒன்றும் இல்லை. அதையே இப்படிக் கேளுங்கள்:

"1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது பற்றி அமைச்சர் இலங்கை வெளிவிவகார அமைச்சருடன் கடைசியாகப் பேசியது எந்தத் திகதியில்?"

இதற்கு ஒரு திகதி வர வேண்டும். திகதி வந்தால் அடுத்த கேள்வி அதிலிருந்து பிறக்கும். திகதி வராமல் பழைய வசனமே வந்தால், பேசவில்லை என்பதற்கு அதுவே சான்று. தொகுதி விடயத்திலும் இதே முறைதான். "காத்திருப்பு நேரத்தைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "இந்த வைத்தியசாலையில் கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, 52 கிழமைக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். எண்ணிக்கை, திகதி, பெயர், தொகை ஆகிய நான்கில் ஒன்றாவது கேள்விக்குள் இருக்க வேண்டும்.

"அந்தத் தகவல் அமைச்சில் திரட்டப்படுவதில்லை" என்று பதில் வரும். அடிக்கடி வரும். சோர்ந்துபோக வேண்டாம். தகவலை வைத்திருக்கும் நிறுவனம் எதுவோ, அதனிடம் 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் நீங்களே கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கிடைத்த எண்ணைத் திரும்ப எம்.பி.யிடம் கொடுங்கள். அமைச்சுக்குத் தெரியாத ஓர் எண் எம்.பி. கையில் இருந்தால், அடுத்த கேள்வியின் தொனியே மாறிவிடும்.

சபையில் வாய்திறந்து கேட்பது

திங்கள் முதல் வியாழன் வரை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் வாய்மூலக் கேள்விக்குரியது. ஒவ்வோர் அமைச்சின் முறையும் சுமார் ஐந்து கிழமைக்கு ஒரு தடவை வரும். உறுப்பினர்கள் பெயர் கொடுப்பார்கள், கணினி குலுக்கிப்போடும், முன்னுக்கு வந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு. அச்சிடப்பட்ட கேள்விக்கு அமைச்சர் தயார் செய்த பதிலை வாசிப்பார். முக்கியமானது அதற்குப் பின் வரும் துணைக் கேள்வி. அது என்னவென்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. கடைசிப் பகுதியில் முன்னறிவித்தல் இல்லாமல், அமைச்சின் எந்த விடயத்தையும் கேட்கலாம்.

குலுக்கலில் பெயர் வராதவர்கள் இருக்கையிலிருந்து திரும்பத் திரும்ப எழுந்து அமர்ந்து சபாநாயகரின் கண்ணில் பட முயல்வார்கள். புதன்கிழமை நண்பகலில் நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். அரை மணிநேரம், குலுக்கலில் 15 பெயர், எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி. மிஞ்சிய சில நிமிடங்களுக்காக ஒரு மண்டபமே எழுந்து எழுந்து இருக்கும்.

துணைக் கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் மூன்று கேள்வி கேட்டால் அமைச்சர் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வார். எனவே ஒன்றே ஒன்று, அதுவும் ஆம் அல்லது இல்லை என்று முடிய வேண்டியது. அனுபவமுள்ள எம்.பி.மார் பலர் எளிய ஒன்றைக் கேட்பார்கள்: "என் தொகுதியில் இருக்கும் இந்தக் குடும்பத்தை அமைச்சர் நேரில் சந்திப்பாரா?" முழுச் சபையின் முன்னால் "மாட்டேன்" என்று சொல்ல எந்த அமைச்சருக்கும் மனம் வராது. கொள்கையை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு வசனம் கிடைத்திருக்கும். சந்திப்பைக் கேட்டதால் ஒரு மேசை கிடைக்கிறது.

வியாழக்கிழமை அடுத்த கிழமையின் அலுவல்கள் அறிவிக்கப்படும்போது, சபை முதல்வரிடம் "இதுபற்றி விவாதம் வைக்க முடியுமா?" என்று எந்த விடயத்தையும் எழுப்பலாம். உங்கள் விடயத்துக்குரிய அமைச்சின் முறை வராத கிழமையில் இது உதவும்.

விவாதம் பெறுதல்

நாளின் அலுவல் எல்லாம் முடிந்ததும் அரை மணிநேர ஒத்திவைப்பு விவாதம் வரும். சபை காலியாகிவிடும். பச்சை இருக்கைகளுக்கிடையே எம்.பி. ஒருவர், பதில் சொல்ல வேண்டிய அமைச்சர், கொறடா ஒருவர், இன்னும் இரண்டொருவர். பார்க்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின், ஒரு தெருவின், ஒரு வைத்தியசாலையின் கதையைப் பதினைந்து நிமிடம் முழுதாகச் சொல்லி, அதற்கு அமைச்சரே பதினைந்து நிமிடம் பதில் சொல்லும் இடம் இதைவிட வேறில்லை. பதிலை அதிகாரிகள் தயார் செய்தாக வேண்டும். அதற்காக அவர்கள் கோப்பைத் திறந்து படித்தாக வேண்டும். பல வழக்குகள் விவாதத்துக்கு முதல் நாளே நகர்ந்துவிடுவது இதனால்தான்.

வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபர்ட் தொகுதி எம்.பி. ஜிம் ஷானனை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2010இல் வந்தவர். யாருடைய ஒத்திவைப்பு விவாதமானாலும் பெரும்பாலும் அவரைச் சபையில் காணலாம். ஒரு தடவை குறுக்கிட்டுத் தன் தொகுதி அனுபவத்தைச் சேர்ப்பார். மதச் சுதந்திரத்துக்கான அனைத்துக் கட்சிக் குழுவின் தலைவராக, உலகத்தின் பல மூலைகளில் ஒடுக்கப்படும் மக்களின் பெயர்களையும் அதே சபையில் சொல்லி வருகிறார். தொகுதியும் உலகமும் ஒரே மனிதருக்குள் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்க முடியும் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

இன்னொரு இடம், பிரதான சபைக்கு வெளியே தனி மண்டபத்தில் நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹோல் விவாதம். 1999 முதல் நடக்கிறது. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என மூன்று அளவு. அரை மணி விவாதத்தில் கேட்டவரும் அமைச்சரும்தான். வெளிநாட்டு விடயத்துக்கு ஒன்றரை மணிநேரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பல கட்சிகளிலிருந்தும் பேச ஆள் சேர்க்கலாம், எதிர்க்கட்சியின் வெளிவிவகாரப் பேச்சாளரும் தன் கட்சியின் நிலைப்பாட்டைப் பதிவில் சொல்ல வேண்டி வரும். இன்றைய எதிர்க்கட்சி நாளைய அரசு ஆகலாம் அல்லவா? அன்று அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம். எங்கள் அமைப்புகள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இங்கேதான் இருக்கிறது: விவாதத்துக்கு முந்திய கிழமை, வெவ்வேறு தொகுதிகளில் இருக்கும் தமிழர் ஒவ்வொருவரும் தத்தம் எம்.பி.க்கு "அந்த விவாதத்துக்குப் போங்கள்" என்று தன் சொந்த வார்த்தையில் எழுதுவது. ஒரே வாசகத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்பினால் அது ஒரு கடிதமாகத்தான் எண்ணப்படும்.

மூன்றாவது, பின்வரிசை அலுவல் குழு. சபையின் நேரம் முழுவதும் அரசின் கையில் இருந்ததை மாற்ற 2010இல் உருவானது. எம்.பி.மார் குழுவின் முன் வந்து, தங்கள் விடயம் ஏன் விவாதிக்கப்பட வேண்டும் என்று வாதாடுவார்கள். ஒரே கட்சிக்காரர் மட்டும் வந்தால் எடுபடாது. இங்கே வாக்கெடுக்கக்கூடிய பிரேரணையும் கொண்டுவரலாம். 2016 ஏப்ரலில் ஃபியோனா புரூஸ் கொண்டுவந்த பிரேரணையில், ஐ.எஸ். அமைப்பு யசீதிகள் மீதும் கிறிஸ்தவர்கள் மீதும் நடத்தியது இனப்படுகொலை என்று சபை 278க்கு 0 என்று வாக்களித்தது. அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் சபை சொன்னது சொன்னதுதான்.

மனுக்கள், கையெழுத்துகள்

இணைய மனுவில் 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் எழுதும். 100,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஆறு மாத அவகாசம். பலருக்குத் தெரியாதது பழைய காகித மனு: ஒரே ஒரு கையெழுத்து போதும். எம்.பி. சபையில் எழுந்து வாசித்து, சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பச்சைப் பைக்குள் போடுவார். அது ஹன்சாட்டில் அச்சாகும், அமைச்சு பதில் எழுதும். தபாற்கந்தோர் மூடுவது, பஸ் நிற்பாட்டுவது போன்ற உள்ளூர்ப் பிரச்சினைக்கு மிகப் பொருத்தம்.

முன்கூட்டிய நாள் பிரேரணைகள், எம்.பி.மார் கையெழுத்திட்டுச் சேர்க்கும் அறிக்கைகள். மிக அரிதாகவே விவாதத்துக்கு வரும், அமைச்சர் பதில் தருவதும் இல்லை. யார் எங்கள் பக்கம் என்று கணக்கெடுக்க உதவும், அவ்வளவுதான். உங்கள் எம்.பி. அதில் ஒரு கையெழுத்து வைத்துவிட்டு "செய்துவிட்டேன்" என்றால், நன்றி சொல்லிவிட்டு எழுத்துமூலக் கேள்வியைக் கேளுங்கள்.

அவசரமென்றால்

காலையில் ஒரு செய்தி வருகிறது, மாலைக்குள் அமைச்சர் சபைக்கு வர வேண்டும். அதற்கு அவசரக் கேள்வி. எம்.பி. அன்று காலையே சபாநாயகருக்கு விண்ணப்பிப்பார். சபாநாயகர் அனுமதித்தால், அமைச்சர் அன்றே வந்து பதில் சொல்லத்தான் வேண்டும். விண்ணப்பத்துக்கான தகவல் விடியற்காலையிலேயே எம்.பி.யின் உதவியாளர் கையில் இருந்தால்தான் இது நடக்கும்.

இதைவிடப் பெரியது, நிலையியற் கட்டளை 24இன் கீழ் அவசர விவாதம். மூன்று நிமிடம் பேசி அனுமதி கேட்க வேண்டும், ஆதரவாக 40 பேர் எழுந்து நிற்க வேண்டும். 2017 ஜூலையில் ஹல் நோர்த் தொகுதியின் டயானா ஜோன்சன் அசுத்த இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்காக இப்படி ஒரு விவாதத்தைப் பெற்றார். தன் தொகுதியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்காக ஆண்டுக்கணக்கில் இதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். விவாதம் நடக்கவிருந்த அன்றே, 11ஆம் திகதி, அரசு பொது விசாரணையை அறிவித்தது. அந்த விசாரணையின் இறுதி அறிக்கை 2024 மே மாதம் வந்தது.

வெளிநாட்டு விடயத்தைத் தொகுதிக்குள் கொண்டுவருதல்

நசனின் சகாரி-ரட்கிளிஃப் 2016 ஏப்ரலில் தெஹ்ரான் விமான நிலையத்தில், கைக்குழந்தையோடு இருந்தபோது பிடிக்கப்பட்டார். வீடு லண்டனின் ஹம்ப்ஸ்டட் அண்ட் கில்பேர்ன் தொகுதியில். எம்.பி. டுலிப் சித்தீக், அப்போது வந்து ஓராண்டே ஆன பின்வரிசை உறுப்பினர். ஈரானைப் பற்றிப் பொதுவாகப் பேசியிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். "என் தொகுதிப் பெண்" என்று அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டார்: கேள்விகளில், அவசரக் கேள்விகளில், விவாதங்களில். நாளடைவில் கேள்வி கூர்மையடைந்தது. மன்னர் ஷா காலத்தில் ஈரான் பணம் கட்டி, 1979 புரட்சிக்குப் பின் பிரித்தானியா கொடுக்காமல் விட்ட டாங்கிகளுக்கான கடன், ஏறத்தாழ 400 மில்லியன் பவுண், எப்போது செலுத்தப்படும் என்ற ஒரு புள்ளிக்கு வந்தது. 2022 மார்ச்சில் கடன் செலுத்தப்பட்டது, அவர் வீடு வந்தார்.

இதே வழக்கில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. 2017 நவம்பர் 1ஆம் திகதி வெளிவிவகாரத் தெரிவுக்குழு முன் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் பொரிஸ் ஜோன்சன், நசனின் அங்கே இதழியல் கற்பித்துக்கொண்டிருந்தார் என்று தவறாகச் சொன்னார். அவர் போனதோ விடுமுறைக்கு. சில நாட்களுக்குள் ஈரானிய நீதிமன்றம் அவரை மீண்டும் அழைத்து, அந்தச் சொல்லையே அவருக்கெதிராகக் காட்டியது. அதனால்தான் கோப்பில் ஒரு வார்த்தைகூடத் தவறாக இருக்கக்கூடாது என்கிறேன். தெரியாததை எம்.பி.யிடம் ஊகமாகச் சொல்லாதீர்கள்.

தனி ஒருவரைப் பற்றியதல்லாத, நீதி கேட்கும் விடயங்களுக்கு ஓட்டம் இன்னும் நீண்டது. 2012 மார்ச்சில் பின்வரிசையிலிருந்த டொமினிக் ராப், ரஷ்யச் சிறையில் இறந்த செர்கேய் மக்னிட்ஸ்கியின் வழக்கை முன்வைத்து, மனித உரிமை மீறியோருக்குப் பயணத் தடையும் சொத்து முடக்கமும் வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். சபை எதிர்ப்பின்றி ஏற்றது, அரசு உடனே எதுவும் செய்யவில்லை. 2018இல் தடைகளுக்கான சட்டம் வந்தது. 2020 ஜூலையில் அவரே வெளிவிவகார அமைச்சராக இருந்து உலகளாவிய மனித உரிமைத் தடை ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தார். 2025 மார்ச் 24ஆம் திகதி, இலங்கைப் படைகளின் முன்னாள் தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, புலிகளிலிருந்து பிரிந்த கருணா என்று அறியப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் ஆகிய நால்வர் மீது பிரித்தானியா தடை விதித்தது அந்த ஒழுங்குவிதிகளின் கீழ்தான். 2009இல் இலங்கையில் போரை நிறுத்தக் கோரிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாக நின்ற எங்கள் மக்களுக்கு இந்தப் பதினாறு ஆண்டு எவ்வளவு நீளம் என்பது தெரியும். அந்த நால்வரோடு பட்டியல் ஏன் நிற்கிறது என்பது இன்று கேட்க வேண்டிய கேள்வி. அதைத் திகதியோடும் பெயரோடும் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எம்.பி.யை வெளிநாட்டுப் பயணத்துக்கு அழைத்துச்செல்லும் அமைப்புகள் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். 300 பவுணுக்கு மேற்பட்ட செலவை அவர் 28 நாளுக்குள் எம்.பி.மாரின் நலன்கள் பதிவேட்டில் காட்ட வேண்டும், அந்த நாட்டைப் பற்றிப் பேசும்போது சபையிலும் சொல்ல வேண்டும். மறைத்தால் அடிபடுவது அவர் மட்டுமல்ல, உங்கள் விடயமும்தான்.

பதில் வந்த பிறகு

பதிலை ஹன்சாட்டில் எடுத்து, வாக்குறுதி போலத் தெரியும் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிடுங்கள். "பரிசீலிப்போம்", "விரைவில்", "எழுதி அறிவிப்பேன்". எழுதி அறிவிப்பதாகச் சொன்னால் ஒரு மாதத்தில் எம்.பி.யை நினைவூட்டச் சொல்லுங்கள். கடிதம் வந்தால் அதிலிருந்து அடுத்த கேள்வி. ஒரு நாட்குறிப்பில் கேள்வி எண், திகதி, பதில், அடுத்து என்ன என்று நான்கு நிரல் போட்டு வைத்தால், எம்.பி.யின் உதவியாளர் மாறினாலும் விடயம் அறுந்துபோகாது. உதவியாளர்கள் அடிக்கடி மாறுவார்கள்.

பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடியும்போது பதில் வராத கேள்விகளும் முன்கூட்டிய நாள் பிரேரணைகளும் காலாவதியாகிவிடும். புதிய தொடர் தொடங்கிய முதற்கிழமையிலேயே திரும்பப் போட வேண்டும். உங்கள் எம்.பி. அமைச்சராகிவிட்டால் அவரால் சபையில் கேள்வி கேட்க முடியாது. தொகுதி எம்.பி. என்ற முறையில் மற்ற அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதலாம், உங்கள் தனிப்பட்ட வழக்கை அப்படியே கொண்டுபோகலாம். பொது விடயத்துக்கு, வேறு தொகுதியில் வசிக்கும் உங்கள் ஆட்களில் ஒருவர் தன் எம்.பி.யிடம் அதே கோப்போடு போக வேண்டும். அதற்காகத்தான் தொடக்கத்திலிருந்தே இரண்டு கட்சிகளில், இரண்டு எம்.பி.மாரின் அலுவலகங்களில் அந்த ஒற்றைப் பக்கம் இருக்க வேண்டும் என்கிறேன்.